அலானிஸ் மோரிசெட்டின் 57 நிமிடங்களை முழுசாகக் கேட்பது எப்படி

அக்கா மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி, ஏதோ ரீல்ஸில் வந்த முப்பது விநாடித் துண்டை எனக்கு அனுப்பி, "மாமா, யாரு இது? செமையா திட்டுறாங்க" என்று கேட்டிருந்தாள். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. 'யூ ஆட்டா நோ'. 1995-இல் வந்த பாட்டு. பாடியவர் அலானிஸ் மோரிசெட். ஆல்பத்தின் பெயர் 'ஜாகட் லிட்டில் பில்', அதாவது ஓரம் மழுங்காத ஒரு சின்ன மாத்திரை. தொண்டையில் கீறிக்கொண்டுதான் இறங்கும்.

"இந்தத் துண்டை வச்சு ஒண்ணும் ஆகாது பாப்பா, முழு ஆல்பத்தையும் கேளு" என்றேன்.

"எப்படிக் கேக்கணும்?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டிருப்பாள். ப்ளே பட்டனை அமுக்கினால் ஓடப்போகிறது, இதில் எப்படி என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனால் எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அதுதான் இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் விமர்சகன் இல்லை. மணப்பாறைப் பக்கம் மைக்செட் தொழில், அப்பா காலத்துக் கடை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், கருமாதி என்று ஊரார் குரலைப் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் இத்தனை வருடப் பிழைப்பு. இங்கிலீஷ் பாட்டு எனக்கு வந்தது திருச்சியில் பாலிடெக்னிக் படித்தபோது, ஹாஸ்டல் ரூம்மேட் வைத்திருந்த டேப்ரெக்கார்டர் வழியாக. அதனால் நான் சொல்லப்போவதில் காது சம்பந்தப்பட்டது அதிகமாக இருக்கும், இலக்கியம் கம்மியாக இருக்கும்.

சரி, கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இவருடைய பழைய பாட்டு ஒன்றைக் கேட்க வேண்டும். அலானிஸ் கனடாவில் ஒட்டாவாக்காரர், 1974-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அங்கே டிவி நிகழ்ச்சியில் நடித்தார். 1991-இல் 'அலானிஸ்' என்று ஓர் ஆல்பம், 1992-இல் 'நவ் இஸ் த டைம்' என்று இன்னொன்று. இரண்டும் ஆட்டம் போட வைக்கிற டான்ஸ் பாப். முதல் ஆல்பம் கனடாவில் நன்றாக ஓடியது, இரண்டாவது அவ்வளவு போகவில்லை. யூடியூபில் 'டூ ஹாட்' என்று தேடினால் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று கிடைக்கும். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். மெஷின் டிரம், கீபோர்டு, தாளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்த குரல். மோசம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் ரிசப்ஷனில் போட்டால் இன்றைக்கும் பையன்கள் ஆடுவார்கள். ஆனால் பாடுகிற பெண் யார் என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியாது. வேறு யாராவது பாடியிருந்தாலும் பாட்டு அப்படியேதான் இருந்திருக்கும். இதைக் காதில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் கழித்து வந்த ஆல்பத்தில் என்ன மாறியது என்று பிடிபட இது வேண்டும்.

அடுத்தது செட்டிங். இதை நான் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. போனில் ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கும். எல்லாக் கோட்டையும் நடுவில் கொண்டுவந்து விடுங்கள். பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அணையுங்கள். எங்கள் பக்கம் பேஸ் தூக்கலாக இல்லையென்றால் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள், நானே நெஞ்சு அதிர அதிர வைத்துத்தான் சம்பாதிக்கிறேன். இந்த ஆல்பத்துக்கு அது ஆகாது. இதில் கேட்க வேண்டியது மூச்சும் தொண்டையும். பேஸை ஏற்றினால் அவை இரண்டும் அடியில் போய்விடும். ஹெட்போன் விலை ஒரு பொருட்டில்லை. காதில் சரியாக உட்கார்ந்தால் சரி.

அப்புறம் ஷஃபிளை நிறுத்துங்கள். எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 2015-இல் கூடுதல் டிஸ்க்குகளோடு பெரிய பதிப்பு ஒன்று வந்தது, பழைய டெமோ பாட்டுகளெல்லாம் அதில் உண்டு. அதற்குள் இப்போது போகாதீர்கள். 1995-இல் வந்த வரிசை 13 டிராக். அதுதான் வேண்டும். மொத்தம் 57 நிமிடம் சொச்சம். பஸ்ஸில் வேண்டாம், துணி மடித்துக்கொண்டு வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைத்து, படுத்துக்கொண்டு கேளுங்கள். தூக்கம் வராது, கவலைப்படாதீர்கள்.

முதல் தடவை கேட்கும்போது பாடல் வரிகளைத் தேடிப் படிக்கக் கூடாது. இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். இங்கிலீஷ் புரியவில்லையே என்கிற கூச்சத்தில் உடனே வரியைத் திறந்துவைத்துப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பார்கள். இவர் பாடுகிற வேகத்துக்கு அந்த ஊர்க்காரர்களுக்கே பாதி வார்த்தை நழுவும். ஏனென்றால் இவர் மெட்டுக்குள் அடங்காத அளவுக்கு வார்த்தைகளைத் திணிப்பார். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், கவிஞர் அதற்கு அளவெடுத்துச் சட்டை தைப்பார். இங்கே சொல்ல வேண்டியது பெரியது, சட்டை சின்னது. பட்டன் தெறிக்கும். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தாமல் தப்பான அசையில் அழுத்துவார். ஒரு சொல்லின் வாலைப் பிடித்து இழுத்து, குரலை உடைத்து, மேலே தூக்கிப் போடுவார். முதல் தடவை இதை மட்டும் கேளுங்கள். ஒரு வீட்டில் சண்டை நடக்கும்போது பக்கத்து வீட்டில் வார்த்தை கேட்காது, ஆனால் யாருக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி.

முதல் பாட்டு 'ஆல் ஐ ரியலி வான்ட்'. மவுத் ஆர்கன் கத்திக்கொண்டு ஆரம்பிக்கும். வாசிப்பவர் அலானிஸ்தான். பெரிய வித்வான் வாசிப்பு இல்லை, பையில் கிடந்ததை எடுத்து ஊதுகிற மாதிரி இருக்கும், அதுதான் அழகு. பாட்டின் பின்பாதியில் ஒரு கட்டம் வரும். நிசப்தம் என்றால் ஏன் இப்படிப் பயப்படுகிறாய், இதைத் தாங்குவாயா பார் என்கிற அர்த்தத்தில் ஏதோ கேட்பார். உடனே எல்லாம் நின்றுவிடும். டிரம், கிடார், குரல், எதுவுமில்லை.

1996 பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது இந்த கேசட்டைக் கடை டெக்கில் போட்டு ஒரு பாக்ஸில் ஓடவிட்டேன். அப்பா தரையில் உட்கார்ந்து மைக் கார்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது, சத்தம் நின்றது. மைக்செட்காரனுக்கு ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு நின்றால் ஒரே அர்த்தம்தான். அப்பா சால்டரிங் அயனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, "டேய், பீஸ் போயிருச்சு" என்று ஆம்ப்ளிஃபையர் பின்பக்கம் கையை விட்டார். கை போவதற்குள் அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். "பாட்டுக்குள்ளயே கரண்ட்டு போகுமா?" என்றார். அந்த அயன் பட்டுக் கருகிய பாய் இன்னும் கடையில் இருக்கிறது. நீங்கள் கேட்கும்போது அந்த இடத்தில் போனை எடுத்து டிஸ்பிளேவைப் பார்க்காமல் இருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி இந்தக் குரல் எப்படிப் பதிவானது என்று தெரிந்துகொண்டால் இரண்டாவது தடவை வேறு மாதிரிக் கேட்கும். முதல் இரண்டு ஆல்பத்துக்குப் பிறகு அலானிஸ் ஒட்டாவாவை விட்டு டொரான்டோ போனார், அங்கிருந்து அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ். 1994-இல் கிளென் பாலர்ட் என்கிற தயாரிப்பாளரைச் சந்திக்கிறார். மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் இந்த பாலர்ட். இரண்டு பேரும் அவருடைய வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். காலையில் கையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, ராத்திரி கிளம்புவதற்குள் ஒரு பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிந்தும் விடுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பதிந்த குரல் முதல் தடவை பாடியதாக இருக்கும், இல்லையென்றால் இரண்டாவது தடவை. பின்னால் கிடார், டிரம் எல்லாம் வேறு வாத்தியக்காரர்களை வைத்துத் திரும்பப் பதிந்தபோதும் குரலை மட்டும் மாற்றவில்லை. ஆல்பத்தில் நாம் கேட்பது அந்த ராத்திரிக் குரல்.

ஏன் மாற்றவில்லை என்று யாராவது கேட்டால் நான் ஒப்பாரியைத்தான் சொல்வேன். எழவு வீட்டில் ஓர் ஆயா மாரடித்துப் பாடிக்கொண்டிருக்கிறது. "ஆயா, மைக்கு சரியில்லை, இன்னொரு தடவை முதல்லேருந்து பாடு" என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் பாடும், ஆனால் அது வேறாக இருக்கும். அலானிஸ் அப்போது இருபது வயதுப் பெண். அன்றைக்கு எழுதிய வரியை அன்றைக்கே பாடியதால் அதற்கு மெருகு ஏறவில்லை. மூச்சு இழுப்பது கேட்கும். சில இடத்தில் சுருதி ஒரு இழை விலகும். நானாக இருந்தால் மிக்சரில் எக்கோவை ஏற்றி மூடியிருப்பேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது முதிர்ச்சி என்ற வார்த்தையை எல்லோரும் சொல்வார்கள். ஒரு பாப் பாடகி வேகத்தைக் குறைத்து, கறுப்புச் சட்டை போட்டு, சோகமாகப் பாடினால் முதிர்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இதில் வேகம் குறையவில்லை, சத்தமும் குறையவில்லை. சொல்லப்போனால் பாதிப் பாட்டில் சின்னப் பிள்ளை மாதிரி கத்துகிறார். எனக்குப் படுகிற முதிர்ச்சி என்னவென்றால், தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. அழுகிறவளாக, பொறாமைப்படுகிறவளாக, அசிங்கமாகத் திட்டுகிறவளாக, மறுநாள் காலையில் அதையெல்லாம் மறந்து சிரிக்கிறவளாக, எல்லாமாகவும் இருக்கிறார்.

இரண்டாவது தடவைக்கு வரிகளை எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது பாட்டு 'பர்ஃபெக்ட்', இதற்கு நேரம் கொடுங்கள். பாடுவது பிள்ளை இல்லை, பெற்றவர்கள். கொஞ்சம் முயற்சி செய், இன்னும் கொஞ்சம், எங்களைப் பெருமைப்படுத்து, முதலாவதாக வா, அப்புறம் உன்னை எப்படி நேசிக்கிறோம் பார் என்று மெல்லிய குரலில், கிடார் ஒன்றோடு ஆரம்பிக்கும். போகப் போக அதே அக்கறை உயர்ந்து கத்தலாகிறது. மூன்று நிமிடச் சொச்சம்தான். பிளஸ் டூ ரிசல்ட் அன்று நம் வீடுகளில் நடப்பதுதான், வேறொன்றுமில்லை. அக்கா மகள் இந்தப் பாட்டைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் மார்க் வந்த நாளில் என் அக்கா என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது 'ஹேண்ட் இன் மை பாக்கெட்'. காசில்லை ஆனால் சந்தோஷம், களைப்பு ஆனால் வேலை ஓடுகிறது என்கிற மாதிரி எதிரும் புதிருமாக அடுக்கிக்கொண்டே போவார். ஒரு கை பாக்கெட்டில், இன்னொரு கை ஒவ்வொரு தடவையும் வேறொன்று செய்யும். அந்த இன்னொரு கை என்னென்ன செய்கிறது என்று மட்டும் பின்தொடருங்கள், இங்கிலீஷ் சுமாராகத் தெரிந்தால்கூடப் பாட்டு பிடிபட்டுவிடும்.

'ரைட் த்ரூ யூ' இசைக் கம்பெனி ஆள் ஒருவன் தன்னை எப்படி நடத்தினான் என்பது பற்றியது. 'ஃபர்கிவன்' கத்தோலிக்க வளர்ப்பு பற்றி. கான்வென்ட்டில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் ஒரு தடவை கேட்டு நகரலாம். 'யூ லேர்ன்' பாட்டில்தான் ஆல்பத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. 'ஹெட் ஓவர் ஃபீட்' ஒரு நல்ல பையனைக் காதலிப்பதைப் பற்றி, மவுத் ஆர்கன் திரும்ப வரும். இத்தனை கோபத்துக்கு நடுவில் நல்லபடியாக நடத்துகிற ஒருவனுக்கு நன்றி சொல்லிப் பாட்டு வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'மேரி ஜேன்' வாடிப்போன ஒரு தோழியிடம் பேசுவது. இதை ராத்திரியில் மட்டும் கேளுங்கள். 'நாட் த டாக்டர்', 'வேக் அப்' இரண்டும் என் கணக்கில் கொஞ்சம் மட்டு. சண்டைக்கு வராதீர்கள்.

பத்தாவது 'ஐரானிக்'. இதுதான் நம் ஊரில் நிறையப் பேர் டிவியில் பார்த்தது. பனி கிடக்கிற ரோட்டில் ஒரு பழைய பெரிய கார், ஓட்டுவது அலானிஸ், பக்கத்து சீட்டிலும் அலானிஸ், பின்சீட்டில் இரண்டு அலானிஸ். பாட்டு முழுக்க வாழ்க்கை செய்கிற குசும்புகளின் பட்டியல்: 98 வயதுக் கிழவருக்கு லாட்டரி விழுகிறது, மறுநாள் செத்துப்போகிறார். கல்யாணத்தன்று மழை. இதெல்லாம் 'ஐரனி', அதாவது நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கிற முரண், என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பொருந்தாது, வெறும் துரதிர்ஷ்டம் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் இத்தனை வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் கேட்கிற நமக்கு அந்த வழக்கே இல்லை. 'அட விதியே' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். கல்யாணத்தன்று மழை வந்தால் பெண் சின்ன வயதில் பச்சரிசி தின்றிருப்பாள் என்று கிழவிகள் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை மூட ஓடிக்கொண்டிருப்பேன். ஒரு வைகாசியில் இரண்டு பாக்ஸ் நனைந்து கோன் கிழிந்துபோய், அந்தக் கல்யாண வாடகை மொத்தமும் ரிப்பேருக்கே போனது. அந்த வரி வரும்போது எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. 'யூ ஆட்டா நோ' யாரைப் பற்றியது என்று நெட்டில் தேடாதீர்கள். தன்னை விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் போனவனை நிற்கவைத்துக் கேட்கிற பாட்டு. அந்த ஆள் யார் என்று ஊகித்து எழுதியவர்கள் ஏராளம். அலானிஸ் இதுவரை பெயர் சொல்லவில்லை. பெயர் தெரிந்ததும் பாட்டு அந்த ஆளுடையதாகிவிடும், நமக்கு அதில் இடம் இருக்காது. சொந்த விஷயத்தைப் பாடிய ஆல்பம் என்றதும் கிசுகிசுவாகப் படிக்கத் தோன்றும். அதை அடக்கிக்கொண்டால் பாட்டு மிச்சமாகும்.

அதற்குப் பதில் அந்தப் பாட்டில் ஒரு காதுப் பயிற்சி செய்யலாம். இரண்டாவது டிராக்கில் பேஸ் கிடார் வாசிப்பவர் ஃப்ளீ, கிடார் டேவ் நவாரோ. இரண்டு பேரும் அப்போது ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவில் இருந்தவர்கள். குரல் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுற்றி அவர்கள் தங்கள் வாசிப்பைக் கட்டினார்கள். 13-ஆவது டிராக்கில் அதே பாட்டு வேறு வாத்தியக் கலவையோடு இன்னொரு தடவை வரும், 'ஜிம்மி த செயின்ட் பிளெண்ட்' என்று பெயர் போட்டிருக்கும். முதலில் இரண்டாவது டிராக்கில் குரலை மறந்துவிட்டு பேஸ் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அது துணைக்கு நிற்கவில்லை, அவளோடு சேர்ந்து சண்டை போடுகிறது. பிறகு 13-ஐப் போடுங்கள். சண்டைக்காரி அவளேதான், பக்கத்தில் நிற்கிற ஆட்கள்தான் வேறு. தாளக்கட்டு மாறும்போது அதே திட்டு எப்படி எடை மாறுகிறது என்று தெரியும். எனக்கு மிக்சிங் என்றால் என்னவென்று புரிந்தது இந்த இரண்டு டிராக்கை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஏறவில்லை.

வந்த காலத்தில் இந்த ஆல்பம் என்ன செய்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மடோனா பங்குதாரராக இருந்த மாவரிக் கம்பெனி 1995 ஜூன் 13-இல் வெளியிட்டது. 1996-இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட நாலு கிராமி. அப்போது அவருக்கு 21 வயது. உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு டிரம் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ் பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவில் பெரிய ஆளானார்.

இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஒன்றரை வருடம் ஊர் ஊராகப் பாடி ஓய்ந்ததும் அலானிஸ் இங்கே வந்து சில வாரம் சுற்றினார். 1998-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் 'தேங்க் யூ' என்ற பாட்டில் இந்தியாவுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லியிருப்பார். அந்த ஆல்பம் 17 பாட்டு, இன்னும் உள்ளே போனது, இன்னும் அடக்கமானது. இதைக் கேட்டு முடித்து ஒரு மாதம் கழித்து அதற்குப் போகலாம். உடனே போனால் இரண்டும் கலந்துவிடும்.

ஆனால் 2005-இல் வந்த அக்கூஸ்டிக் பதிப்பை மூன்றாவது நாளே கேட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து அதே பாட்டுகளை, அதே வரிசையில், கரண்ட் கிடார் இல்லாமல் மறுபடி பாடினார். வயது 31. இருபது வயதில் கத்திய இடத்தில் இப்போது கத்தவில்லை. 'யூ ஆட்டா நோ'வில் அந்தக் கோபம் ஆறிப்போன டீ மாதிரி கீழே தங்கியிருக்கும், ஆனால் கசப்பு அதே கசப்பு. 'ஐரானிக்' பாட்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார். முதல் பதிப்பில், கனவுகண்ட மாதிரி ஒரு ஆண் கிடைக்கிறான், உடனே அவனுடைய அழகான மனைவியைச் சந்திக்க நேர்கிறது என்று வரும். பத்து வருடம் கழித்து அந்த மனைவி, கணவனாகிவிட்டான். பாட்டை ஓடவிட்டு அந்த இடத்துக்குக் காத்திருங்கள். எனக்கு இது புரிய மூன்று தடவை ஆனது. அக்கா மகள் முதல் தடவையே பிடித்துவிட்டு, "மாமா, கேட்டீங்களா" என்று கத்தினாள்.

கடைசியாக, நான் பட்ட ஏமாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கேட்டது கம்பெனி கேசட் இல்லை. ரூம்மேட் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட்டில் சி.டி.யிலிருந்து அடித்து வாங்கியது. கடைக்காரர் கணக்குப் பார்க்கிற ஆள். 13-ஆவது டிராக் 'யூ ஆட்டா நோ' என்று இருப்பதைப் பார்த்தார், இரண்டாவது பாட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், தண்டம் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு டிஸ்கோ பாட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். வருடக்கணக்கில் என்னைப் பொறுத்தவரை 'ஜாகட் லிட்டில் பில்' டிஸ்கோவில்தான் முடிந்தது. ஒன்பது வருடம் கழித்து ஒரு சி.டி. கைக்கு வந்தபோதுதான் தெரியும், 13-இல் பாட்டு முடிந்த பிறகு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒன்றுமே இருக்காது, அதன் பிறகு உறையில் பெயர் போடாத ஒரு பாட்டு இருக்கிறது என்று. 'யுவர் ஹவுஸ்'. ஒரு வாத்தியம்கூடக் கிடையாது. வெறும் குரல். காதலன் இல்லாத நேரத்தில் ஒரு பெண் அவன் வீட்டுக்குள் போகிறாள், அவன் அங்கியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், அவன் படுக்கையில் படுக்கிறாள், பிறகு அங்கே அவள் பார்க்கக் கூடாத ஒரு கடிதம் இருக்கிறது. முதல் பாட்டில் நிசப்தத்தைத் தாங்குவாயா என்று கேட்டது இதற்குத்தானோ என்று நினைத்துக்கொண்டேன். டிராக்கின் நீளம் எட்டு நிமிடத்துக்கு மேல் காட்டும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்கா மகளிடம் சொல்லவில்லை. 13 முடிகிற வரைக்கும் போனைத் தொடாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். ராத்திரி பதினொன்றேகாலுக்கு அவளிடமிருந்து கால் வந்தது.

"மாமா, முடிஞ்சிருச்சு. ஆனா நம்பர் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. நெட்டு போயிருச்சா?"

"பேசாத. போனை வை" என்று நானே கட் பண்ணிவிட்டேன்.